கடற்கரையை மீட்கும்போது யாரைக் கேட்க வேண்டும்?

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றாலே இரண்டு பேச்சு காதில் விழும். "ஊரே எதிர்த்துப் பேசியது, பிறகு எப்படி அனுமதி கொடுத்தார்கள்?" என்பது ஒன்று. "அதெல்லாம் கண்துடைப்பு, போய் என்ன ஆகப்போகிறது?" என்பது இன்னொன்று. முதலில் பேசுகிறவர் அதை வாக்கெடுப்பு என்று நினைக்கிறார். அடுத்தவர் வெறும் சடங்கு என்று நினைக்கிறார். இரண்டு பேருமே அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை என்ன என்று பார்க்கவில்லை.

கடலோர மீட்புத் திட்டம் என்று வந்தால் மூன்றாவதாக ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. "அழிந்த சதுப்பு நிலத்தை மீட்கிறார்கள், நல்ல காரியம்தானே, அதற்கு எதற்கு ஆய்வும் கூட்டமும்?" நல்ல மனசோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஆட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்த ஒரு திட்டத்தை வைத்து விளக்குகிறேன். ஆய்வு நடந்து, அனுமதி கிடைத்து, வேலையும் தொடங்கி, கடைசியில் கைவிடப்பட்ட திட்டம் அது. பொதுமக்களின் சொல் எந்த இடத்தில் நுழைந்தது, எந்த இடத்தில் நுழைய முடியவில்லை என்பதை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

## முதலில் ஒரு குளம்

ஊர்க் குளத்தைத் தூர்வாரப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தண்ணீர் நிற்கும், கிணறு ஊறும், எல்லோருக்கும் நல்லது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்தக் குளத்தில் மீன் பாசிக் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார். தண்ணீரை இறைத்து வேலை செய்தால் அந்த வருஷம் அவர் போட்ட பணம் போய்விடும். அள்ளிய மண்ணைக் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் யாராவது வயல் வைத்திருப்பார்கள். கரையை உயர்த்தினால், இதுவரை வெள்ளம் வடிந்துபோன வழி அடைபட்டு ஒரு தெருவுக்குள் தண்ணீர் புகலாம். அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த வழி தெரிந்திருக்கும்.

தூர்வாருவது தப்பு என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு ஆழம், மண் எங்கே, நட்டம் யாருக்கு, ஈடு என்ன என்றுதான் கேட்கிறார்கள். வேலை தொடங்கும் முன் கேட்டால் பதிலுக்கு இடம் இருக்கிறது. ஜேசிபி குளத்துக்குள் இறங்கிய பிறகு கேட்டால் சண்டைதான் மிச்சம்.

கடலோர மீட்பும் இந்தக் குளம் மாதிரிதான். அளவு மட்டும் பல ஆயிரம் மடங்கு பெரியது.

## மண் வராமல் போன கழிமுகம்

காவிரி டெல்டாக்காரர்களுக்கு வண்டல் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டாம். ஆறு மேட்டிலிருந்து அரித்துக்கொண்டு வரும் நுண்ணிய மண் அது. வெள்ளம் கரை தாண்டிப் பரவும்போதெல்லாம் அது நிலத்தின் மேல் ஒரு மெல்லிய போர்வை போலப் படியும். கழிமுக நிலம் தன் எடையால் தானே மெல்ல அமுங்கிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் புது வண்டல் மேலே விழுந்துகொண்டே இருந்தால்தான் அது கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும்.

மிசிசிப்பி ஆறு லூசியானாவின் தென்பகுதியை இப்படித்தான் கட்டியது. 1927இல் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு ஆற்றின் இரு கரையிலும் பிரம்மாண்டமான கரையணைகள் எழும்பின. ஊர்கள் வெள்ளத்திலிருந்து தப்பின. கூடவே நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்த வண்டலும் நின்றுபோனது. ஆறு அதைச் சுமந்துபோய் ஆழ்கடலில் கொட்டியது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்காகச் சதுப்பில் வெட்டிய கால்வாய்கள் வழியே கடல்நீர் உள்ளே ஏறியது. கடல் மட்டமும் உயர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்து 1932க்குப் பிறகு அந்த மாநிலக் கடலோரம் இழந்த நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர் மாவட்டத்தைவிடப் பெரிய பரப்பு அது.

2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் துளையிடும் கடல் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். பல வாரங்கள் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அது அதிகமாக வந்து ஒதுங்கிய இடங்களில் ஒன்று நியூ ஆர்லியன்ஸுக்குத் தெற்கே உள்ள பரட்டேரியா கழிமுகம். 2016இல், அந்த எண்ணெய்க் கிணற்றை நடத்திய பிபி நிறுவனத்தோடு ஏற்பட்ட சமரசத்தில், இயற்கைக்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்ய மட்டும் 880 கோடி டாலர் வரை ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தை நம்பித்தான் மிட்-பரட்டேரியா வண்டல் திருப்பம் என்ற திட்டம் நின்றது.

திட்டம் கேட்பதற்கு எளிமையானது. ஆற்றின் கரையணையை ஓரிடத்தில் வெட்டி மதகு வைப்பது. ஆற்றில் வெள்ளம் அதிகமாகும்போது மதகைத் திறந்து, சுமார் 2 மைல் நீளக் கால்வாய் வழியாக வண்டலோடு கூடிய தண்ணீரைக் கழிமுகத்துக்குள் விடுவது. அதிகபட்ச அளவு வினாடிக்கு 75,000 கன அடி. மேட்டூர் நிரம்பி உபரிநீர் திறக்கும் ஆடி மாதச் செய்தியில் நாம் கேட்கிற மாதிரியான அளவு அது. அவ்வளவு நன்னீரும் உப்பு கலந்த ஒரு கழிமுகத்துக்குள் பாயும். 2070 வாக்கில் இந்தத் திட்டத்தால் சுமார் 21 சதுர மைல் கூடுதல் நிலம் இருக்கும் என்று ஆய்வு கணித்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆறு மண்ணைக் கொண்டுவந்ததால் உருவான நிலம், மண் வருவது நின்றதால் கரைந்தது. மீண்டும் மண்ணை விடலாம் என்பது திட்டம். மண்ணோடு சேர்ந்து நன்னீரும் வரும் என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

## நன்மைக்குள் நட்டம்

பரட்டேரியாவில் பழுப்பு இறால் பிடிக்கிறவர்களும் சிப்பி வளர்க்கிறவர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு அகதிகளாக வந்து அந்தக் கடற்கரையில் படகு வாங்கித் தொழில் செய்கிற குடும்பங்களும் உண்டு. பழுப்பு இறாலின் குஞ்சுகள் வசந்த காலத்தில் கழிமுகத்துக்குள் வரும். அவற்றுக்குத் தண்ணீரில் ஓரளவு உப்பு வேண்டும். மிசிசிப்பியில் வெள்ளம் வருவதும் அதே பருவத்தில்தான். சிப்பியால் நகர முடியாது. தண்ணீரில் உப்பு குறைந்து வாரக்கணக்கில் அப்படியே நின்றால் இருந்த இடத்திலேயே செத்துப்போகும். டால்பின்களுக்கும் (நம் மீனவர்கள் ஓங்கில் என்பது இவற்றைத்தான்) நெடுநாள் நன்னீரில் கிடந்தால் தோல் புண்ணாகும், உடல் நலியும்.

கரையணைக்கு வெளியே, கழிமுகத்தை ஒட்டி வசிக்கும் சிறு ஊர்களும் இருக்கின்றன. அவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தால் அங்கே வெள்ளமட்டம் ஏறும்.

இவையெல்லாம் எதிர்ப்பாளர்கள் கிளப்பிய பயம் என்று நினைக்க வேண்டாம். அரசின் ஆய்வறிக்கையே பழுப்பு இறால், சிப்பி, டால்பின் மூன்றுக்கும் பெரிய பாதிப்பு இருக்கும் என்று எழுதியது. அறிக்கையின் நேர்மையை நான் மதிக்கிறேன். நல்ல திட்டம் என்பதற்காக அது கெட்ட செய்தியை மறைக்கவில்லை. மீட்புத் திட்டத்துக்கும் ஆய்வு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

## சட்டம் என்ன கேட்கிறது?

1970 ஜனவரி 1 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். மத்திய அரசு ஒரு பெரிய வேலையைச் செய்யவோ அனுமதிக்கவோ போகிறது என்றால், அதன் விளைவுகளை முன்கூட்டியே ஆராய்ந்து எழுத வேண்டும் என்கிறது அது. அப்படி எழுதப்படும் பெரிய ஆவணத்தின் பெயர் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் உட்கார வைத்துச் சொல்வார் இல்லையா? இதைச் செய்தால் இன்ன பலன், இன்ன ஆபத்து, செய்யாவிட்டால் இப்படி ஆகும், வேறு வழி இன்னது என்று. அந்தப் பேச்சை ஒரு முழு நிலப்பரப்புக்காக எழுத்தில் நடத்துவதுதான் இந்த அறிக்கை. "செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்பதும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பரட்டேரியாவில் திட்டம் வராவிட்டாலும் சதுப்பு அப்படியே இருந்துவிடாது, தொடர்ந்து கரையும். இறாலும் அதோடு சேர்ந்து பாதிக்கப்படும். நட்டத்தை எடைபோடும்போது இன்றைய நிலையோடு ஒப்பிடாமல், திட்டம் இல்லாத நாளைய நிலையோடு ஒப்பிட வேண்டும். இதைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

முக்கியமான ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் நல்ல முடிவை எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: விளைவு தெரியாமல் எடுக்கும் முடிவைத்தான் சட்டம் தடுக்கிறது, விவேகமில்லாத முடிவை அல்ல. பாதிப்பு இருக்கிறது என்று முழுசாக எழுதிவிட்டு, அதையும் மீறி அனுமதி கொடுக்க அரசுக்கு இடம் உண்டு.

"ஊரே எதிர்த்தும் எப்படி அனுமதி?" என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. மக்கள் கருத்து இந்த முறைக்குள் தகவலாகத்தான் நுழைகிறது. கைகளை எண்ணி முடிவெடுக்கும் வேலை அங்கே நடப்பதில்லை.

## படிகள்

மிட்-பரட்டேரியாவில் திட்டத்தை முன்வைத்தது லூசியானாவின் கடலோரப் பாதுகாப்பு மற்றும் மீட்பு ஆணையம். கரையணையை வெட்டவும் சதுப்பில் வேலை செய்யவும் அனுமதி தரும் அதிகாரம் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவிடம் இருந்தது. ஆகவே ஆய்வை நடத்தியதும் அந்தப் பிரிவே.

முதல் படி அறிவிப்பு. "இப்படி ஒரு திட்டத்தை ஆராயப் போகிறோம்" என்று 2013இல் வந்தது. அடுத்தது வரம்பு வகுத்தல்: அறிக்கையில் எந்தெந்தக் கேள்விகளை ஆராய்வது, எந்தெந்த மாற்று வழிகளைப் பரிசீலிப்பது என்று தீர்மானிக்கும் கட்டம். 2017இல் அதற்காகக் கழிமுகத்தைச் சுற்றி மக்கள் கூட்டங்கள் நடந்தன. பிறகு வரைவு அறிக்கை, 2021 மார்ச்சில். கருத்துச் சொல்ல முதலில் 60 நாள் கொடுத்தார்கள், அப்புறம் இன்னொரு 30 நாள் நீட்டினார்கள். கொரோனா காலம் என்பதால் கூட்டங்கள் இணையத்தில் நடந்தன. வியட்நாமிய மொழியிலும் ஸ்பானிஷிலும் அறிக்கைச் சுருக்கம் கிடைத்தது. 2022 செப்டம்பரில் இறுதி அறிக்கை, டிசம்பரில் அனுமதி.

## நோக்கம் என்ற ஒரு வரி

இந்தப் படிகளில் மக்கள் கூட்டம் அதிகம் சேர்வது வரைவு அறிக்கை வெளியாகும்போதுதான். பத்திரிகைச் செய்தி வரும், தொலைக்காட்சி வரும், ஆவேசமான பேச்சு வரும். என் கருத்தில், பாதிக்கப்படுகிறவர் தவறவிடவே கூடாத இடம் அதற்கு முந்தைய வரம்பு வகுக்கும் கட்டம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு தாக்க அறிக்கையின் தொடக்கத்திலும் நோக்கம் என்று ஒரு பகுதி இருக்கும். இந்தத் திட்டம் எதற்காக என்று ஓரிரு வாக்கியத்தில் சொல்லும். பார்வைக்குச் சாதாரணமான முன்னுரை போலிருக்கும். ஆனால் எந்த மாற்று வழியை ஆராய்வது, எதைத் தொடக்கத்திலேயே ஒதுக்குவது என்பதை அந்த வாக்கியம்தான் தீர்மானிக்கிறது.

வீட்டில் ஒரு விசேஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும்" என்று பேச்சைத் தொடங்கினால் வீட்டில் சமைக்கலாமா, ஹோட்டலில் சொல்லலாமா, மண்டபம் பார்க்கலாமா என்று எல்லாம் பேசலாம். "நல்ல மண்டபமாகப் பார்த்துச் சாப்பாடு போட வேண்டும்" என்று தொடங்கிவிட்டால் வீட்டுச் சமையல் பேச்சுக்கே வராது. முடிவு கேள்விக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

மிட்-பரட்டேரியாவில் மீனவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன மாற்று வழி ஒன்று உண்டு. ஆற்றின் அடியிலிருந்தோ கடலிலிருந்தோ மண்ணைத் தோண்டிக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டி நிலத்தை எழுப்புங்கள், நன்னீரை விடாதீர்கள் என்பது. மணலள்ளும் கப்பலால் நிலம் எழுப்புவது லூசியானாவில் புதிதல்ல, பல இடங்களில் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் திட்டத்தின் நோக்கம், ஆற்றையும் கழிமுகத்தையும் மறுபடி இணைத்து, வண்டல், நன்னீர், சத்துப்பொருள் மூன்றும் இயல்பாகப் பாயும்படி பெரிய அளவிலான வண்டல் திருப்பம் ஒன்றை அமைப்பது என்று எழுதப்பட்டிருந்தது. மண்ணைக் குழாயில் கொண்டுவருவது ஆற்றை இணைக்காது. ஆகவே அந்த வழி விரிவான ஆய்வுக்குள் நுழையவே இல்லை.

விரிவாக ஆராயப்பட்ட மாற்றுகள் எவை? வினாடிக்கு 50,000 கன அடி, 75,000 கன அடி, 1,50,000 கன அடி. ஒவ்வொன்றிலும் மண்மேடுகள் அமைத்து ஒன்று, அமைக்காமல் ஒன்று. ஆக ஆறு மாற்றுகள், கூடவே ஒன்றும் செய்யாதிருத்தல். ஆறுமே மதகைத் திறப்பதுதான். எவ்வளவு திறப்பது என்பதில்தான் வித்தியாசம்.

இதில் சூழ்ச்சி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றோடு இணைப்பு வந்தால்தான் நிலம் பல பத்தாண்டுகள் தானாக உயிரோடு இருக்கும், தோண்டிக் கொட்டிய மண் மறுபடி அமுங்கும் என்பது பல விஞ்ஞானிகளின் உறுதியான கருத்து. அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் அந்த வாதம் நடக்க வேண்டிய இடம் நோக்கத்தை எழுதும் இடம். 2021இல் வரைவைப் படித்துவிட்டு, "ஏன் குழாய் வழியை ஆராயவில்லை?" என்று கேட்டவருக்கு, அது நோக்கத்துக்குள் வராது என்ற பதில் ஏற்கனவே தயாராக இருந்தது.

இதுவரை: அறிக்கை முடிவை எழுதுவதில்லை, விளைவை எழுதுகிறது. எந்த விளைவுகள், எந்த மாற்றுகள் என்பதை நோக்கமும் வரம்பும் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டும் உறுதியாகும் முன் பேசுகிறவருக்குத்தான் அதிக இடம் கிடைக்கிறது.

## கருத்து உள்ளே போனபின் என்ன ஆகிறது?

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறவர்கள் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். வாய்ச் சொல் காற்றோடு போகும், எண் போட்ட மனுவுக்கு யாராவது பதில் எழுத வேண்டும். வரைவு அறிக்கை மீதான கருத்தும் அப்படித்தான் வேலை செய்கிறது. 2025 வரை இருந்த பொது விதிகளின்படி, வந்த கருத்துகள் தொகுக்கப்பட்டு, உள்ளடக்கமுள்ளவற்றுக்கு இறுதி அறிக்கையோடு பதில் வெளியாக வேண்டியிருந்தது. பதில் பலவிதம்: மாற்று வழியைத் திருத்தலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம், ஆய்வை விரிவாக்கலாம், தவறான தகவலைச் சரிசெய்யலாம், அல்லது ஏன் மாற்றவில்லை என்று காரணம் எழுதலாம்.

ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் கையெழுத்திட்டு அனுப்பினாலும் அதற்குள் இருக்கும் விஷயம் ஒன்றுதான் என்றால் பதிலும் ஒன்றுதான். ஆயிரம் கையெழுத்து அரசியல்வாதியை அசைக்கலாம், அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அறிக்கையை அசைப்பது புது விஷயம். "இந்த வாய்க்கால் பக்கம் சித்திரை, வைகாசியில் இறால் குஞ்சு ஏறும், உங்கள் வரைபடத்தில் அது இல்லை" என்று எழுதும் ஒரே ஒருவரின் கருத்துக்கும் அந்த விதிகளின்படி பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்தால் இந்தப் பதிவுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 2004இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கருத்துச் சொல்லும் காலத்தில் எழுப்பாத ஆட்சேபத்தைப் பிறகு வழக்கில் எழுப்ப முடியாது என்ற நிலையை எடுத்தது. கண்துடைப்பு என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டவர், பின்னால் கதவைத் தட்டும் வாய்ப்பையும் சேர்த்து இழக்கக்கூடும். எனக்கு இது வருத்தம் தரும் உண்மை. ஏனென்றால் நம்பிக்கை இழந்து விலகுகிறவர்கள் பெரும்பாலும் பாதிப்பு அதிகமுள்ளவர்கள்தான்.

மிட்-பரட்டேரியாவில் கருத்துகளால் மாறிய பகுதி முக்கியமாகத் தணிப்புத் திட்டம். தணிப்பு என்றால் தவிர்க்க முடியாத பாதிப்பைக் குறைக்கவோ ஈடுகட்டவோ செய்யும் ஏற்பாடு. வெள்ளமட்டம் ஏறும் ஊர்களில் சாலையையும் படகுத்துறையையும் உயர்த்துவது, விரும்புகிறவர்களின் வீட்டு நிலத்தை வாங்கிக்கொள்வது, சிப்பி வளர்ப்புக்குப் புது இடம் அமைப்பது, மீனவர்கள் படகையும் குளிர்சாதன வசதியையும் மேம்படுத்த உதவுவது என்று அது விரிந்தது. இறுதியில் அதற்கும் கண்காணிப்பு வேலைகளுக்குமாக ஒதுக்கியது 35 கோடி டாலருக்கு மேல். மதகுத் திட்டம் மாறாமல் இருந்தது, ஈடு மட்டும் வளர்ந்தது. தலைமுறைத் தொழிலுக்கு இது ஈடாகுமா என்றால், ஆகாது என்றே பல மீனவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் அந்த ஆவணத்திலேயே இருக்கிறது.

## அனுமதிக்குப் பிறகு

2023 ஆகஸ்டில் பூமி பூஜை மாதிரியான தொடக்க விழா நடந்தது. 220 கோடி டாலருக்கும் அதிகமான திட்டம். விரைவிலேயே உள்ளூர் நிர்வாகமான பிளாக்கமின்ஸ் மாவட்டத்தோடு தகராறு வந்து வேலை தடைப்பட்டது. வழக்குகள் வந்தன. 2024 ஜனவரியில் பதவிக்கு வந்த ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி, செலவு ஏறுகிறது, மீனவர்களின் வாழ்க்கைமுறை அழிகிறது என்று திட்டத்தை எதிர்த்தார். 2025 ஏப்ரலில் ராணுவப் பொறியாளர் பிரிவு அனுமதியை நிறுத்திவைத்தது. ஆய்வுக் காலத்தில் தகவல் மறைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது. ஜூலையில் திட்டம் முற்றாகக் கைவிடப்பட்டது. கோடிக்கணக்கான டாலர் அதற்குள் செலவாகியிருந்தது.

மீனவர்கள் ஜெயித்தார்கள் என்று சிலர் கொண்டாடினார்கள். ஒரு தலைமுறைக்கான வாய்ப்பு போயிற்று என்று கடலோர ஆய்வாளர்கள் பலர் வேதனைப்பட்டார்கள். இரு பக்கத்து வருத்தமும் உண்மையானது. ஆனால் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: திட்டத்தை நிறுத்தியது ஆய்வறிக்கை அல்ல, மாநில அரசியலும் செலவும் வழக்கும். பத்தாண்டு நடந்த ஆய்வு, எந்தப் பக்கத்தையும் மனதார இணங்க வைக்கவில்லை. மாற்று வழி பற்றிய அந்த அடிப்படைச் சண்டை தொடக்கத்திலேயே பேசித் தீர்க்கப்படாமல், கடைசி வரை புகைந்துகொண்டே இருந்தது என்பது என் பார்வை.

விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2023இல் செய்த திருத்தம் தாக்க அறிக்கைக்குப் பொதுவாக 150 பக்கம், இரண்டு ஆண்டு என்று வரம்பு போட்டது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இருந்த நடைமுறை விதிகளை வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் கவுன்சில் 2025இல் விலக்கிக்கொண்டது. இனி அங்கே ஒவ்வொரு துறையின் நடைமுறையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

## நம் பக்கத்துக் கூட்டம் எங்கே வேறுபடுகிறது?

இந்தியாவில் இதற்கு இணையானது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது என்று அறிவிக்கையே சொல்கிறது. இங்கேயும் அது வாக்கெடுப்பு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு வேறுபாடுகள் முக்கியம். நம்மிடம் ஆய்வின் வரம்பை வகுப்பது நிபுணர் குழு. மக்களைக் கூப்பிடுவது வரைவு தயாரான பிறகுதான். நோக்கமும் மாற்றும் உறுதியான பின்னரே கடலோர மக்கள் உள்ளே வருகிறார்கள். அடுத்தது, துறைமுகம், அனல்மின் நிலையம், சுரங்கம் போன்றவை அந்த அறிவிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. அலையாத்தி நடுவது போன்ற மீட்பு வேலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அலையாத்தி நடும் இடம் யாருடைய படகுத்துறை, யார் நண்டு பிடிக்கும் சேறு என்று கேட்க, அந்த அறிவிக்கையில் கட்டாயம் எதுவும் இல்லை. கேட்பதும் கேட்காததும் திட்டம் நடத்துகிறவரின் மனசைப் பொறுத்தது. மீட்பு வேலையிலும் நட்டப்படுகிறவர் உண்டு என்று பரட்டேரியாவில் பார்த்துவிட்ட பிறகு, இந்த இடைவெளி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

## கருத்து எழுதப் போகிறவருக்கு

அறிக்கை பெரிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். முழுதும் படிக்கத் தேவையில்லை. முதலில் நோக்கம் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். அடுத்து மாற்று வழிகள் பகுதியில், எதை ஆராயாமல் ஒதுக்கினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று பாருங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பெயரும் உங்கள் தொழிலும் வரும் பக்கங்களை மட்டும் எடுங்கள். உங்கள் ஊர்ப் பெயர் எங்குமே இல்லை என்றால் அதுவே நீங்கள் எழுத வேண்டிய முதல் கருத்து.

"இந்தத் திட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால், "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்பதோடு முடிந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: இந்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள், நான் இத்தனை வருஷமாக இந்த இடத்தில் வலை போடுகிறேன், இந்த மாதத்தில் இங்கே இன்னது நடக்கும், உங்கள் கணக்கில் அது இல்லை, சேர்த்தால் முடிவு எப்படி மாறும் என்று காட்டுங்கள். மொழி அழகாக இருக்க வேண்டியதில்லை. இடம், மாதம், அளவு மூன்றும் இருந்தால் போதும்.

ஏலக்கூடத்துச் சீட்டு, டீசல் பில், பாடு எழுதி வைத்த நோட்டு என்று கையில் எது இருந்தாலும் நகலெடுத்து இணையுங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். இறுதி அறிக்கை வரும் நாளில், உங்கள் கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.